தண்ணீர் கேட்காத செடி! சிட்டுக்கு விருந்து வைக்கும் பூ!

ஒரு பறவை. அதன் எடை 4 கிராம்தான். நம் வீட்டில் ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை எடுத்தால் அந்த எடை இருக்கும்.

இந்தச் சின்னஞ்சிறு பறவை பறக்கும்போது, இறக்கையை 1 வினாடிக்கு 40, 50 தடவை அடிக்கும். இறக்கை நம் கண்ணுக்குத் தெரியாது. 'ர்ர்ர்' என்ற ரீங்காரம் மட்டும் காதில் விழும். அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'ஹம்மிங் பேர்ட்' என்று பெயர் வைத்தார்கள். நாம் 'ரீங்காரச் சிட்டு' என்று சொல்லலாம்.

ரீங்காரச் சிட்டில் 350 வகைகளுக்கு மேல் உண்டு. எல்லாம் வட அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும்தான் இருக்கின்றன. ஆசியாவில் ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊரில் செம்பருத்திப் பூவைக் கொத்தும் தேன்சிட்டு வேறு சாதி. இது வேறு சாதி.

நம் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். முன்னால் பறக்கும். பின்னாலும் பறக்கும்!

இந்தப் பறவைக்கு அமெரிக்காவில் இப்போது ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க, ஒரு சாதாரணச் செடியால் உதவ முடியும். அந்தச் செடியின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஓயாத பசி

ரீங்காரச் சிட்டுக்கு எப்போதும் பசி.

நம் இதயம் 1 நிமிஷத்தில் சுமார் 72 தடவை துடிக்கிறது. ரீங்காரச் சிட்டு பறக்கும்போது, அதன் இதயம் 1 நிமிஷத்தில் 1,000 தடவைக்கு மேல் துடிக்கும். இவ்வளவு வேகமாக ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாமா? அதனால் அது ஒரு நாளில் தன் எடைக்கும் அதிகமான பூந்தேனைக் குடிக்கிறது. சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்கிறது.

இரவில் தேன் குடிக்க முடியாது. அப்போது என்ன செய்யும்? குளிர் அதிகமான இரவுகளில் செத்ததுபோல் கிடக்கும். உடம்பு குளிர்ந்துவிடும். இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். பொழுது விடிந்ததும் மறுபடி சூடேறி எழுந்து, நேரே பூவைத் தேடிப் போகும்.

பூ இல்லாவிட்டால் அதற்கு வாழ்வு இல்லை.

3,900 மைல் பயணம்

இந்தப் பறவைகளில் செம்பழுப்பு நிறச் சிட்டு என்று ஒன்று உண்டு. அது ஒரு பெரிய யாத்திரைக்காரர்.

குளிர்காலத்தை மெக்சிகோவில் கழிக்கும். வசந்தம் வந்ததும், கடற்கரை ஓரமாக வடக்கே போகும். சில சிட்டுகள் அலாஸ்கா வரைகூடப் போகும். அங்கே கூடு கட்டி, 2 முட்டை இட்டு, குஞ்சு பொரிக்கும். பிறகு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைகளின் வழியாகத் தெற்கே திரும்பும். ஒரு வழிப் பயணம் மட்டும் சுமார் 3,900 மைல்!

வழியில் பூக்கள் நிறைந்த இடம் கண்ணில் பட்டால், சில நாட்கள் தங்கும். அந்த இடத்துக்குத் தானே சொந்தக்காரர் என்று மற்ற சிட்டுகளை விரட்டும். நன்றாகத் தின்று, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி பயணம் புறப்படும்.

இங்கேதான் தொல்லை. கலிபோர்னியாவில் கோடை காலத்தில் மழை பெய்யாது. நவம்பர் முதல் மார்ச் வரைதான் மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மலைச் சரிவுகள் காய்ந்துபோய்க் கிடக்கும். வசந்தத்தில் பூத்த பூக்கள் எப்போதோ உதிர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் பசியோடு வரும் விருந்தாளிக்கு யார் சோறு போடுவது?

செம்பழுப்புச் சிட்டின் எண்ணிக்கை 1966-ல் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை என்று பறவைக் கணக்கு எடுப்பவர்கள் கூறுகிறார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால், வழியில் ஒரு வாய் உணவு கிடைத்தால் அது பெரிய உதவிதான்.

வெயிலில் பூக்கும் ஊதுகுழல்

அந்த நேரத்தில் கை கொடுக்கிறது ஒரு செடி. கடைகளில் அதன் பெயர் 'கலிபோர்னியா பியூஷியா'. சிலர் 'ஹம்மிங் பேர்ட் டிரம்பெட்' என்பார்கள். ரீங்காரச் சிட்டின் ஊதுகுழல் என்று அதற்குப் பொருள். நாமும் 'ஊதுகுழல் செடி' என்றே வைத்துக்கொள்வோம்.

இது கலிபோர்னியாவிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் தானாக முளைக்கும் காட்டுச் செடி. பாறை இடுக்கிலும், காய்ந்த மலைச் சரிவிலும் வளரும். சாதாரணமாக 1 அடி முதல் 3 அடி உயரம் இருக்கும். இலை சாம்பல் பூசியது போன்ற பச்சை நிறம். இலை மேல் மெல்லிய ரோமம் உண்டு. அது வெயிலின் கடுமையைக் குறைத்து, இலையில் உள்ள ஈரத்தைக் காப்பாற்றும்.

மற்ற செடிகள் வெயிலில் சோர்ந்து போகும்போது இது பூக்கத் தொடங்கும். கோடையின் கடைசியில் ஆரம்பித்து, அக்டோபர் வரையிலும் பூக்கும். சிவந்த நிறம். நெருப்புத் துண்டுகளைக் கிளை முழுவதும் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும்.

இது ஒரு வருஷத்தோடு மடியும் செடியும் அல்ல. குளிர்காலத்தில் மேலே உள்ள தண்டு காய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஒரு தடவை நட்டால் பல வருஷம் பலன் தரும்.

பூவுக்கும் பறவைக்கும் ஒப்பந்தம்

இந்தப் பூவின் அமைப்பைப் பாருங்கள். நீண்ட குழாய். அடியில் தேன். தேனீ உட்கார்ந்து குடிக்க வசதியான மேடை இல்லை. தேனீக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியவும் தெரியாது. பறவைக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். பறவைக்கு மேடையும் தேவை இல்லை. அந்தரத்தில் நின்று, நீண்ட மூக்கைக் குழாய்க்குள் விடும். நுனி இரண்டாகப் பிளந்த நாக்கை நீட்டித் தேனை எடுக்கும்.

மகரந்தத்தைத் தாங்கும் காம்புகள் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பறவை தேன் குடிக்கும்போது, அதன் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது, அங்கே அது படும். பூ காயாகும். விதை உண்டாகும். விதையில் பட்டு நூல்போல் பஞ்சு இருக்கும். காற்று அதைத் தூக்கிப் போகும்.

பறவைக்கு உணவு. செடிக்கு வம்ச விருத்தி. இருவருக்கும் லாபம்!

புல்தரை குடித்த தண்ணீர்

இவ்வளவு நல்ல செடியை அந்த ஊர்க்காரர்கள் வெகுகாலம் தோட்டத்தில் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக வாசலில் பச்சைப் புல்தரை போட்டார்கள்.

புல்தரை இங்கிலாந்து போன்ற குளிர்ச்சியான நாடுகளில் அழகாக வளரும். அங்கே வானம் தண்ணீர் ஊற்றுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வருஷத்துக்குச் சராசரியாக 15 அங்குல மழைகூடப் பெய்வதில்லை. சென்னையில் 50 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. சென்னையைவிட மழை குறைந்த அந்த ஊரில், வீட்டுக்கு வீடு புல்தரை!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடிப் புல்தரை. கோடையில் அதற்கு வாரத்துக்கு 1 அங்குல உயரம் தண்ணீர் வேண்டும். அது எவ்வளவு? சுமார் 2,360 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் ஊற்றினால் 150 குடத்துக்கு மேல். ஒரே வாரத்துக்கு! ஒரே வீட்டுக்கு!

அந்தத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் ஊறியதா? இல்லை. 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 200 மைலுக்கு மேல் நீளமான கால்வாய் கட்டி, ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தது. அங்கே இருந்த பெரிய ஏரி சில வருஷங்களில் வற்றிப்போனது. ஏரி இருந்த இடத்தில் புழுதி பறந்தது. அந்த ஊர் மக்கள் பல காலம் அந்தப் புழுதியைச் சுவாசித்தார்கள். நகரத்துத் தோட்டம் பச்சையாக இருக்க, எங்கோ ஓர் ஏரி காய்ந்தது.

2012 முதல் 2016 வரை கலிபோர்னியாவில் கடுமையான வறட்சி வந்தது. 2015 ஏப்ரல் 1-ந்தேதி, கவர்னர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில் ஓர் இடத்துக்குப் போனார். அந்த மாதத்தில் வழக்கமாக அங்கே 5 அடி உயரத்துக்குப் பனி கிடக்கும். அன்று பனியே இல்லை. காய்ந்த புல்லின்மேல் நின்றுகொண்டு அவர் ஓர் உத்தரவை அறிவித்தார்.

நகரங்கள் தண்ணீர் உபயோகத்தை 25 சதவீதம் குறைக்க வேண்டும். மாகாணம் முழுவதும் 5 கோடி சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் செடிகளை வைக்க வேண்டும். இதுதான் உத்தரவின் முக்கியமான அம்சம். தெற்கு கலிபோர்னியாவில் புல்லை எடுப்பவர்களுக்குச் சதுர அடிக்கு 2 டாலர் பணமும் கொடுத்தார்கள்.

கல்லும் பிளாஸ்டிக்கும்

நல்ல உத்தரவுதான். ஜனங்களும் புல்லை எடுத்தார்கள். ஆனால், எடுத்த இடத்தில் எல்லோரும் செடி வைத்தார்களா?

பலர் வைத்தார்கள். சிலர் ஜல்லிக் கல்லைக் கொட்டினார்கள். சிலர் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். தண்ணீர்ச் செலவு குறைந்தது, உண்மை. ஆனால் அங்கே ஒரு பூ பூக்குமா? ஒரு பூச்சி வருமா? ஒரு சிட்டு எட்டிப் பார்க்குமா? உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல்லின்மேல் வெறுங்காலை வைக்க முடியாது. அவ்வளவு சூடு!

சட்டமும் இரண்டு விதமாகப் போயிற்று. வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் புல் போடுவதை நகரசபைகள் தடுக்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் செய்தார்கள். 2023-ல் அதை மாற்றி, நகரசபைகள் விரும்பினால் தடுக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். ஆபீஸ், கடை போன்ற இடங்களில் வெறும் அழகுக்காக இருக்கும் புல்தரைக்குக் குடிதண்ணீரை ஊற்றக் கூடாது என்றும் 2023-ல் ஒரு சட்டம் வந்தது. அது 2027 முதல் படிப்படியாக அமலுக்கு வரும்படி ஏற்பாடு. வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது.

நம் கருத்து இதுதான்: தண்ணீரை மிச்சம் பிடிப்பது நல்லது. ஆனால், மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லி மண்ணின்மேல் மூடி போட்டுவிடக் கூடாது. அந்த மண்ணில் பிறந்த செடியை வைத்தால், தண்ணீரும் மிச்சம். பறவைக்கும் சோறு. இரண்டும் ஒரே செலவில் கிடைக்கும்போது, ஒன்றை விட்டுவிடுவது எதற்கு?

வளர்ப்பது எப்படி?

ஊதுகுழல் செடியை வளர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

நடும் காலம்: அந்த ஊரில் அக்டோபர், நவம்பர் மாதங்கள். மழைக்கு முன்பு நட்டால், மழைத் தண்ணீரிலேயே வேர் பிடித்துவிடும்.

இடம்: நாள் முழுவதும் நல்ல வெயில் படவேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண்ணாக இருந்தால், மண்ணை மேடாகக் கூட்டி, அதன்மேல் நடவேண்டும்.

இடைவெளி: செடிக்குச் செடி 2 அடி முதல் 3 அடி. பக்கத்தில் பரவ இடம் வேண்டும்.

உரம்: வேண்டவே வேண்டாம். உரம் போட்டால் இலையும் தண்டும் கொழுத்து வளரும். செடி சாய்ந்து விழும். பூ குறையும்.

தண்ணீர்: முதல் வருஷம் கோடையில், வாரம் ஒரு தடவை வேர் நனையும்படி ஊற்ற வேண்டும். 'தண்ணீர் கேட்காத செடி' என்று சொன்னதைக் கேட்டு, முதல் வருஷமே காயப்போட்டால் செத்துவிடும். கைக்குழந்தைக்குப் பால் வேண்டும் அல்லவா? 2-வது வருஷம் முதல், கோடையில் மாதம் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை ஊற்றினால் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது தவறு. வேர் மேலேயே நின்றுவிடும். ஆழமாக இறங்காது.

வெட்டுதல்: பூத்து முடிந்த பிறகு, குளிர்காலத்தில் தரையிலிருந்து 2, 3 அங்குலம் விட்டு வெட்டிவிட வேண்டும். வசந்தத்தில் அடர்த்தியாகத் துளிர்க்கும்.

புதுச் செடி: வேரோடு பிரித்து நடலாம். கிளையை ஒடித்து வைத்தும் முளைக்க வைக்கலாம். ஒரு செடி வாங்கினால், சில வருஷத்தில் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். காசு செலவு இல்லை.

பூச்சி மருந்து: அடிக்கக் கூடாது. ரீங்காரச் சிட்டு தன் குஞ்சுக்குப் பூச்சிகளைத்தான் பிடித்து ஊட்டும். சிலந்தி நூலை எடுத்துத்தான் கூடு கட்டும். மருந்து அடித்தால் பூச்சியும் போகும். சிலந்தியும் போகும். பறவைக்கு எது மிச்சம்?

குறை இல்லையா?

உண்டு. மறைக்க வேண்டியது இல்லை.

குளிர்காலத்தில் இந்தச் செடி குச்சியும் சருகுமாக இருக்கும். வாசலுக்கு அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மண்ணுக்கு அடியில் ஓடிப் பரவும். இடம் குறைந்த தோட்டத்தில் மற்ற செடிகளை நெருக்கும். இதன்மேல் குழந்தைகள் ஓடி விளையாட முடியாது. புல்தரையில் விளையாடலாம்.

இதற்கு வழி இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் அளவுக்குப் புல்லை வைத்துக்கொள்ளட்டும். புல் வெட்டும் ஆளைத் தவிர வேறு யாருடைய காலும் படாத புல்தரை எத்தனை வீடுகளில் இருக்கிறது! அதை எடுக்கலாம். குளிர்காலத்தில் சருகாக இருப்பது அந்தச் செடி ஓய்வு எடுக்கும் காலம். மரங்களும் இலை உதிர்க்கின்றன. அதற்காக யாரும் மரத்தைப் பிடுங்குவது இல்லை.

"செடி எதற்கு? சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் பல வீடுகளில் 1 பங்கு சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து, ஒரு புட்டியில் ஊற்றித் தொங்கவிடுகிறார்கள். சிட்டு வந்து குடிக்கும். தவறு இல்லை. ஆனால், வெயில் காலத்தில் 2, 3 நாளுக்கு ஒரு தடவை புட்டியைக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடித்துப் பறவைக்கு நோய் வரும். தேன் ஊற்றக் கூடாது. சிவப்புச் சாயமும் கலக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால் புட்டி காலி. செடி ஊருக்குப் போகாது!

தோட்டங்களால் ஒரு பறவையின் வாழ்வே மாறிய கதையும் உண்டு. 'ஆனா' என்ற ரீங்காரச் சிட்டு, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவையும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியையும் தாண்டிக் கூடு கட்டுவதில்லை. வீடுகளில் பூச்செடிகள் பெருகின. சர்க்கரைப் புட்டிகளும் தொங்கின. அந்தச் சிட்டு வடக்கே வடக்கே நகர்ந்து, இன்று கனடா வரை வாழ்கிறது. சின்னச் சின்ன வீட்டுத் தோட்டங்கள் சேர்ந்து செய்த வேலை அது!

நமக்கு என்ன பாடம்?

இதைப் படித்துவிட்டு, ஊதுகுழல் செடியின் விதையைத் தேடி அலைய வேண்டாம். அது குளிர்காலத்தில் மழையும், கோடையில் காய்ச்சலும் உள்ள ஊர்ச் செடி. நம் மண்ணும் மழையும் வேறு. ரீங்காரச் சிட்டும் இங்கே வரப்போவது இல்லை.

ஆனால், தண்ணீர்க் கஷ்டம் நமக்கும் தெரியும். 2019-ல் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்த தாய்மார்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

நமக்கு என்று ஒரு சிட்டும் உண்டு. அதுதான் தேன்சிட்டு. அதற்குத் தேன் தரும் மரமும் நம்மிடம் உண்டு. கிராமத்தில் வேலியில் ஒரு கிளையை ஒடித்து ஊன்றினாலே கல்யாண முருங்கை முளைக்கும். அதன் சிவப்புப் பூவில் பறவைகள் மொய்க்கும். இலையை அரைத்து வீட்டில் அடை சுடுவார்கள். புரசு மரம் கோடையின் தொடக்கத்தில் இலை எல்லாம் உதிர்த்துவிட்டு, செக்கச் செவேல் என்று பூக்கும். சென்னையில் உள்ள புரசைவாக்கத்துக்கு அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். இப்போது அங்கே எத்தனை புரசு மரம் இருக்கும்?

புது வீடு கட்டுகிறவர்கள் வாசல் முழுவதும் சிமெண்டு போட்டு மூடுகிறார்கள். கொஞ்சம் இடம் மிஞ்சினால், அங்கே புல்தரை போட ஆசைப்படுகிறார்கள். அமெரிக்காக்காரர்கள் பல காலம் பணத்தையும் தண்ணீரையும் கொட்டிவிட்டு, இப்போது தங்கள் ஊர்ச் செடியைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் சுற்றிய வழியை நாமும் சுற்ற வேண்டுமா?

வீடு கட்டும்போதே 4 அடி மண்ணை மூடாமல் விடுங்கள். அந்த ஊரில், அந்த மழையில் தானாக வளரும் செடி எது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அதை நட்டு, முதல் வருஷம் மட்டும் குழந்தைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு அது தானே பார்த்துக்கொள்ளும். பூக்கிற காலத்தில் சிட்டும் தானே வரும்.